கழட்டி வச்ச பெல்ட்டோட சத்தம்

மாஸ்டர், முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், எனக்குப் பேய் பிசாசுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. உக்குவளையில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, மோட்டார் வேலை பாக்குற அந்தோனி பாஸ் சவக்காலைக் கல்லறைகளுக்கு நடுவால விசிலடிச்சுக்கிட்டு குறுக்கு வழியில வீட்டுக்குப் போற ஆளுன்னு சொல்லுவாங்க. பல் செட்டைக் கழட்டி அந்தா கிளாஸ்ல போட்டுட்டுப் பேசுறேன், பேச்சு கொழகொழன்னு இருந்தா மன்னிச்சுக்குங்க. ஏன் கழட்டினேன்னு கேட்டீங்கல்ல, அதுக்குத்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கு. நீங்க சயன்ஸ் படிப்பிச்ச மனுசன், சிரிப்பீங்க, தெரியும். சிரிங்க, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன், ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

இது எழுபதுகள் தொடங்கின காலம். அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் புடிச்சதால வெளிநாட்டுச் சாமான் ஒண்ணும் வராது. எஞ்சினுக்கு ஒரு பெல்ட் வேணும்னா கொழும்புல கடை கடையா ஏறி இறங்கி வெறுங்கையோட திரும்பணும், அதனால நூல் பிஞ்சு தொங்குற வரைக்கும் பழசையே ஓட்டுவோம். எனக்கு அப்ப ரயில் கேட்டுக்குப் பக்கத்துல ஒரு கராஜ் இருந்திச்சு, கராஜ்னு பெரிசா ஒண்ணும் இல்ல, தகரக் கொட்டில், முன்னால ஒரு போர்டு, போர்டுல என் பேரு. அந்தப் போர்டை நானே பெயின்ட் அடிச்சேன். காலைல வந்து முதல்ல அதைத்தான் துடைப்பேன்.

எங்கிட்ட காசிம்னு ஒருத்தன் வேலை செஞ்சான். பரம்பரையா உக்குவளையிலேயே இருக்கிற முஸ்லிம் ஆளுங்க, என்னை விட ஆறேழு வயசு இளசு, கல்யாணம் முடிச்சு கைக்குழந்தை ஒண்ணு. சின்னதுல காதுல சீழ் வச்சு ரெண்டு காதும் போச்சு அவனுக்கு. பக்கத்துல நின்னு தகரத்தைத் தட்டினாலும் திரும்பிப் பாக்க மாட்டான். வாயைப் பாத்துத்தான் பேச்சைப் புடிப்பான், அவன் பேசுறதும் கொஞ்சம் சத்தமா ஒரே மட்டத்துல வரும். செவிடனுக்கு மோட்டார் வேலை எதுக்குன்னுதான் எல்லாரும் கேட்டாங்க, நான்தான் பாவம் பாத்து, நட் போல்ட் கழுவ ஒரு ஆள் இருக்கட்டுமேன்னு சேத்துக்கிட்டேன். அந்தப் பாவம் பாத்ததுக்கு நான் பட்ட பாடு இருக்கே!

அவன்கிட்ட ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்திச்சு, ஆமிக்காரங்க பழைய சாமான் வித்த ஏலத்துல வாங்கினது. முழ நீளத்துக்குக் கொஞ்சம் குறையும். மரப்பிடி, கம்பி அந்தப் பிடிக்குள்ளால முழுசா ஓடி அடியில வந்து நிக்கும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, நுனியை எஞ்சின்ல வச்சு, பிடியைப் பல்லால கடிச்சுக்கிட்டு கண்ணை மூடிக்குவான். அப்ப அவன்கிட்ட இருந்து ஒரு முனகல் வரும், ம்ம்... ம்ம்...னு, ஒண்ணு மேல ஒண்ணு கீழ, அவனுக்கே தெரியாம வர்றது. கொஞ்ச நேரத்துல கண்ணைத் திறந்து இன்னதுதான் கோளாறுன்னு சொல்லுவான், கழட்டிப் பாத்தா அதுவாத்தான் இருக்கும். நீங்களே ஒரு நாள் சொன்னீங்க, காதுத் துவாரம் அடைஞ்சாலும் பல்லு வழியா, எலும்பு வழியா சத்தம் உள்ள போகும்னு. சரி மாஸ்டர், ஒத்துக்கிறேன், அது வரைக்கும் சயன்ஸ்தான்.

ஆனா எனக்கு எப்படி இருந்திருக்கும்னு சொல்லுங்க. எனக்கு ரெண்டும் பாம்புக் காது, பதினஞ்சு வருச வேலை, வெளியில தொங்குறது என் பேரு. வந்து நிக்கிறவன் எல்லாம் என்னைத் தாண்டி உள்ள எட்டிப் பாப்பான். சிங்கள ஆளுங்க "கோ பீரா?"ம்பாங்க, செவிடன் எங்கேன்னு. நம்ம ஆளுங்க "செவிட்டு பாஸ் இல்லியா, அப்ப பெறகு வாறோம்"னு வண்டியைத் திருப்பிடுவாங்க. வயிறு எரியும் மாஸ்டர், பொய் சொல்லல, சோறு இறங்காது. வெளியில சிரிச்சுக்கிட்டே நிப்பேன்.

வீட்டுலயாவது நிம்மதி உண்டான்னா அதுவும் இல்ல. என் பொஞ்சாதி ரெஜினா வச்சிருந்த தையல் மெஷின் கீச்சுகீச்சுன்னு கத்திச்சு, புருசன் மெக்கானிக், கராஜ் கூப்பிடு தூரம், அவ என்ன செஞ்சா தெரியுமா, காசிமைக் கூப்பிட்டா. அவனும் வந்து அந்தக் கம்பியை வச்சுக் கடிச்சு, ம்ம் ம்ம்னு முனகி, எங்கேயோ ஒரு சொட்டு எண்ணெய் விட்டான், மெஷின் வாயை மூடிக்கிச்சு. அதுக்கு ரெஜினா அவனுக்குத் தேத்தண்ணி குடுத்த கோப்பை எது? சாமியார் வீடு மந்திரிக்க வந்தா மட்டும் அலுமாரியில இருந்து எடுக்கிற பூப்போட்ட கோப்பை! எனக்கு அதுல ஒரு நாளும் குடுத்ததில்ல. அன்னைக்கு ராத்திரி நான் அவகூடப் பேசவே இல்ல, ஏன் பேசலன்னு அவளும் கேக்கல, அது வேற எரிஞ்சிச்சு.

இனித்தான் லொறிக்கு வாறேன். நாவுலப் பக்கம் அப்புஹாமி முதலாளின்னு ஒருத்தர், மரக்கறி ஏத்துற ஆளு, ரெண்டாம் உலக யுத்த காலத்து லொறி ஒண்ணு வச்சிருந்தாரு, அவரேதான் ஓட்டுவாரு. ஒரு நாள் காலைல கண்டி ரோட்டுல வரும்போதே சத்தம் கேக்குது, பன்னியைக் காலைக் கட்டி இழுத்துக்கிட்டு வர்ற மாதிரி கீ...ச்சுன்னு. எனக்குப் பாக்காமலே தெரியும், பெல்ட். எஞ்சினுக்கு முன்னால ஒரு பெல்ட் ஓடுதில்லையா மாஸ்டர், அதுதான் காத்தாடியையும் அதுக்குப் பின்னால தண்ணி பம்பையும் சுத்தும், பக்கத்துல டைனமோவையும் சுத்தும். பெல்ட் வழுக்கினா இந்தச் சத்தம்தான் வரும். சவுக்காரக் கட்டி ஒண்ணை எடுத்து ஓடுற பெல்ட்டுல புடிச்சேன், சத்தம் நின்னிச்சு, டைனமோவைக் கொஞ்சம் இழுத்து இறுக்கி அனுப்பினேன். காசிம் கம்பியைத் தூக்கிக்கிட்டுக் கிட்ட வந்தான், வேண்டாம்னு கையைக் காட்டினேன்.

அடுத்த நாளே லொறி திரும்பி வந்திச்சு, முந்தினதை விட மோசமாக் கத்திக்கிட்டு. ரோட்டுல போறவன், கேட்டுல ரயிலுக்கு நிக்கிறவன் எல்லாம் பாக்குறான். முதலாளி இறங்கினாரு, வெத்திலையைத் துப்பினாரு, என் மொகத்தைக்கூடப் பாக்கல. "கோ பீரா?"

காசிம் வந்தான். கம்பியை டைனமோவுல வச்சுக் கடிச்சான், தலையை ஆட்டினான். பம்புல வச்சான். கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்னான், ம்ம்... ம்ம்... பெறகு திரும்பி, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி அந்தச் சத்தமான குரல்ல, "பெல்ட்டுல ஒண்ணுமில்ல அண்ணே, பம்ப்போட பேரிங் போவுது. பெல்ட்டை இறுக்கினா இன்னும் சுருக்காப் போயிரும்" அப்படின்னான்.

அவன் சொன்னது சரின்னு எனக்கு அந்த நிமிசமே தெரியும். இதை நான் இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல. பம்ப் சக்கரத்தைப் புடிச்சு ஆட்டிப் பாத்திருந்தா ஆடியிருக்கும், அதனாலதான் நான் ஆட்டிப் பாக்கல. அத்தனை பேருக்கு முன்னால நான் சொன்னேன், இவனுக்கு என்ன தெரியும், பெல்ட்தான்னு. சொன்னதோட விட்டேனா, ஒரு வருசமா பிள்ளையைப் போல ஒளிச்சு வச்சிருந்த புது பெல்ட் ஒண்ணு இருந்திச்சு, அதை எடுத்து மாட்டி, இரும்பு அலவாங்கால நெம்பி, வீணைத் தந்தி மாதிரி இறுக்கினேன். சத்தம் போச்சு. அவ்வளவு இறுக்கினா யார் இறுக்கினாலும் சத்தம் கொஞ்ச நாளைக்கு அடங்கும். முதலாளி தலையாட்டிட்டுப் போனாரு. காசிம் பெல்ட்டை ஒரு விரலால அமுக்கிப் பாத்தான், என்னைப் பாத்தான், ஒண்ணும் பேசல.

அவன் பேசாம இருந்தது எனக்குத் தாங்கல. திட்டியிருக்கலாமே! அன்னைக்கு சாயங்காலம் அவன் கை கழுவப் போன நேரம் அந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து என் பேக்குக்கு அடியில, பழைய துணிக்குள்ள சுத்தி வச்சுக்கிட்டேன். ஆமாம் மாஸ்டர், களவுதான். எல்லாம் அந்தக் கம்பியிலதான் இருக்கு, அது எங்கிட்ட இருந்தா அவனுக்கு வந்ததெல்லாம் எனக்கு வரும்னு நினைச்சேன். மடத்தனம். வீட்டுல யாரும் இல்லாத நேரம் ரெஜினாவோட மெஷினை மிதிச்சுக்கிட்டே அதுல வச்சுக் கடிச்சும் பாத்தேன். பிடியில அவன் பல்லுத் தடம் குழிகுழியா இருக்கும், அதுக்குள்ள என் பல்லு உக்காரல. கடகடன்னு சத்தம் வந்திச்சு, காதால கேட்டா என்ன கேக்குமோ அதேதான்.

காசிம் மூணு நாள் தேடினான். எண்ணெய்த் தட்டைக் கவிழ்த்துத் தேடினான், குப்பைக்குள்ள கையை விட்டுத் தேடினான். "அண்ணே, என் கம்பியைப் பாத்தீங்களா?" அப்படின்னான், நான் வாயை நல்லாத் திறந்து, அவனுக்கு விளங்குற மாதிரி, "நான் எங்க பாத்தேன்?"னேன். அந்த மாதிரி இன்னொண்ணு வாங்க அப்ப வழியில்ல. ஒரு நாள் வெறும் இரும்புக் கம்பியைக் கடிச்சுக்கிட்டு ஒரு ட்ரக்டர்ல வச்சான், எஞ்சின் உலுக்கின உலுக்கல்ல முன் பல்லு ஒண்ணு பாதியா உடைஞ்சு போச்சு. ரத்தத்தைத் துப்பிட்டு எங்கிட்ட சிரிக்கிறான். ரெண்டு மூணு பேருக்குக் கோளாறைத் தப்பாச் சொன்னான், ஆளுங்க சிரிச்சாங்க, திரும்ப எங்கிட்ட வரத் தொடங்கினாங்க. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்திச்சு. இப்பச் சொல்லக் கூச்சமா இருக்கு, ஆனா அன்னைக்கு நல்லாப் பசிச்சிச்சு, நல்லாத் தூங்கினேன்.

ஒம்போதாவது நாள் காலைல நாவுல பஸ்ல வந்த கண்டக்டர் சேதி சொன்னான், முதலாளி லொறி நாலந்தை தாண்டி மூச்சு வாங்கி நிக்குதாம், முழு லோட் வட்டக்காயும் கத்தரிக்காயும் வெயில்ல கிடக்காம், செவிட்டு பாஸைக் கையோட கூட்டி வரட்டாம். காசிம் அங்கதான் இருந்தான். கண்டக்டர் வாயை அவன் பாத்துடாம குறுக்க நின்னுக்கிட்டேன். மாத்தளையில ஆணி வாங்கிட்டு வாறேன்னு அவன்கிட்ட சொல்லிட்டு, பேக்கைத் தூக்கிக்கிட்டு நான் மட்டும் பஸ் ஏறினேன்.

போய்ச் சேரும்போது உச்சி வெயில். பேய் நடமாடுற நேரமும் இல்ல, இடமும் இல்ல, பக்கத்துல வயல்ல ஆளுங்க நிக்கிறாங்க. லொறி ஒரு மாரா மரத்துக்குக் கீழ. முதலாளி என்னைத் தனியாப் பாத்ததும் மொகம் சுருங்கிப் போச்சு, காசிமுக்குக் காய்ச்சல்னு ஒரு பொய்யைச் சொன்னேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். அம்மாடி, அந்தச் சத்தம்! வயல்ல நின்ன ஆளுங்க நிமிந்து பாத்தாங்க.

என் வழக்கம் என்னன்னா, கோப்பையில தண்ணி எடுத்து ஓடுற பெல்ட்டுல ஊத்துவேன். பெல்ட்டுல கோளாறுன்னா சத்தம் கூடும், இல்லாட்டி குறையும், ஏதாவது ஒண்ணு மாறும். ஊத்தினேன், ஒண்ணும் மாறல. பெல்ட்டைப் பாத்தேன், புதுசு, இறுக்கமாத்தான் இருக்கு. சரி, கழட்டிப் பாத்துருவோம்னு எஞ்சினை நிப்பாட்டி, டைனமோவைத் தளத்தி, பெல்ட்டை உருவிக் கையில எடுத்தேன். பெல்ட் இல்லாம ஒரு நிமிசம் ஓட்டினா எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது. அப்பக் காத்தாடி நிக்கும், பம்ப் நிக்கும், டைனமோ நிக்கும், கத்துறதுக்கு முன்பக்கம் ஒரு சாமானும் சுத்தாது. ஸ்டார்ட் பண்ணுங்க முதலாளின்னேன்.

நம்புங்க நம்பாம போங்க மாஸ்டர். கீ...ச்சுன்னு அதே சத்தம். காத்தாடி அசையாம நிக்குது, பெல்ட் என் கையில பாம்புச் சட்டை மாதிரி தொங்குது, லொறி கத்துது. கிளட்ச் பேரிங்னு சொல்லப் போறீங்க, தெரியும், எனக்கும் அதுதான் முதல்ல தோணிச்சு, கிளட்சை மிதிக்கச் சொன்னேன், விடச் சொன்னேன், ரெண்டுக்கும் ஒரே சத்தம். முதலாளி தலையை வெளிய நீட்டி, "பெல்ட்டைக் கழட்டிட்டியா இல்லியா?"ன்னு சிங்களத்துல கத்தினாரு. நான் பெல்ட்டைத் தூக்கிக் காட்டினேன். அவரு என் கையைப் பாத்தாரு, எஞ்சினைப் பாத்தாரு, சீட்டுல இருந்து குதிச்சு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டாரு. எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடுது.

எனக்குப் பயத்தை விட ஆத்திரம், அவன் இருந்தா இப்பக் கண்டுபுடிச்சிருப்பான்னு ஒரு நினைப்பு வந்திச்சு பாருங்க, அந்த ஆத்திரம். பேக்குக்கு அடியில இருந்து துணியைப் பிரிச்சு அந்தக் கம்பியை எடுத்தேன். பொனட்டுக்குள்ள குனிஞ்சு நுனியைப் பம்புல வச்சு, கடிச்சேன்.

என் பல்லு அவன் தடத்துல உக்காந்திச்சு. ஒம்போது நாளா உக்காராத பல்லு, அவனுக்கு அளவு எடுத்துச் செஞ்ச குழியில, என் பல்லு கச்சிதமா உக்காந்திச்சு. உக்காந்த உடனே எல்லாச் சத்தமும் நின்னு போச்சு. எஞ்சின் சத்தம் இல்ல, கீச்சு இல்ல, காத்து இல்ல. லொறி உலுக்குறது கையில தெரியுது, ரோட்டுக்கு அப்பால முதலாளி வாய் அசையிறது தெரியுது, ஒண்ணும் கேக்கல. மாதாவே, காது போச்சேன்னு நினைச்சேன். நான் அப்படி ஒரு அமைதியை அதுக்கு முன்னாலயும் கேட்டதில்ல, பின்னாலயும் கேட்டதில்ல. இதுக்குள்ளயாடா நீ இருக்கேன்னு அவனை நினைச்சேன். அப்பத்தான் அந்த அமைதிக்கு உள்ள, ரொம்பத் தூரத்துல, ம்ம்... ம்ம்... ஒண்ணு மேல, ஒண்ணு கீழ.

பம்புல ஒண்ணும் இல்ல. நுனியை டைனமோவுல வச்சேன், ஒண்ணும் இல்ல. எஞ்சின் உடம்புல வச்சேன், டொக்கு டொக்குன்னு நல்லா ஓடுது. சரி போதும்னு நிமிந்தேன். பிடி இன்னும் பல்லுக்குள்ளதான், நிமிந்ததும் கம்பி தாடைக்குக் கீழ தொங்கி, நுனி என் நெஞ்சுக்குழியில வந்து பட்டிச்சு.

கீ...ச்சுன்னு கேட்டுச்சு மாஸ்டர். என் நெஞ்சுல இருந்து. மண்டை பிளக்கிற மாதிரி, அந்த லொறி கத்தினதை விடப் பத்து மடங்கு. நுனியை எடுத்தேன், அமைதி. திரும்ப வச்சேன், நான் ஏன் வச்சேன்னு தெரியல, திரும்பவும் அதே சத்தம். எத்தனை வருசமா அங்க கிடந்து கத்திச்சோ. கம்பியை வாயில இருந்து புடுங்கி எறிஞ்சேன்.

எறிஞ்சதும் காது திறந்திச்சு, எஞ்சின் இன்னும் அதே கத்தல்தான் கத்திக்கிட்டிருக்கு. முதலாளி என்னன்னு கேக்குறாரு. நான், "பம்ப் பேரிங் முதலாளி, எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்திச்சு"ன்னேன். சத்தம் கூடிச்சு. மெய்யாத்தான், கூடிச்சு, முதலாளி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. எனக்கு அழுகை வந்திருச்சு. "பம்ப்புன்னு காசிம்தான் சொன்னான், அவன் சொன்னது சரி, நான்தான் கேக்கல"ன்னு கத்தினேன்.

நின்னு போச்சு. எஞ்சின் மட்டும் சாதுவா ஓடிக்கிட்டிருந்திச்சு. முதலாளி மெல்ல ரோட்டைக் கடந்து வந்து சாவியைத் திருப்பினாரு. பெறகு பல தடவை அவரைக் கேட்டிருக்கேன், அன்னைக்கு நீங்களும் கேட்டீங்கதானேன்னு, மனுசன் வெத்திலைப் பையைத் தேடுவாரே தவிர வாயைத் திறக்க மாட்டாரு.

தண்ணியை இறக்கிப் பம்பைக் கழட்டினேன். பேரிங் லொடலொடன்னு ஆடுது, நான் இறுக்கின இறுக்கல்ல ஒரு பக்கமாத் தேஞ்சு போயிருக்கு. அதைச் சாக்குல கட்டிக்கிட்டு, கம்பியைப் பொறுக்கிப் பேக்குல போட்டுக்கிட்டு பஸ் ஏறி உக்குவளைக்கு வரும்போது சாயங்காலம் ஆயிருச்சு. வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன், வெயில், பசி, மூளை பிசகிப் போச்சுன்னு.

கராஜுக்குள்ள போனா, காசிம் பெஞ்சுல பேப்பரை விரிச்சு வச்சிருக்கான். அதுல பழைய எஞ்சின் ஒண்ணுல இருந்து கழட்டின பேரிங், மண்ணெண்ணெயில கழுவி, கிரீஸ் போட்டு. "இது பொருந்தும் அண்ணே"ன்னான். சாக்கை நான் இன்னும் அவிழ்க்கவே இல்ல. சரி, பம்ப்புன்னு முதல்லயே சொன்னவன்தானே, ஊகிச்சு எடுத்து வச்சிருக்கலாம், அதை நான் பெரிசா எடுக்கல. ஆனா பெறகு அவன் கருப்பு எண்ணெய் ஒட்டின ஒரு விரலை எடுத்து என் நெஞ்சுக்குழியில, சரியா அந்த இடத்துல வச்சான்.

"இங்க ஏன் அண்ணே வச்சீங்க? அதுவும் ரெண்டு தடவை. எனக்குப் பல்லெல்லாம் கூசிப் போச்சு."

அவன் கோவமாக் கேக்கல, நோவுதுன்னு சொல்ற மாதிரி கேட்டான். அவன் பார்வை என் பேக்குக்குப் போச்சு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்னிச்சு. பெறகு சாக்கை அவிழ்த்துப் பம்பை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். கம்பியைத் தாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல.

அடுத்த நாள் ரெண்டு பேருமாப் போயி பம்பைப் பூட்டினோம். பெல்ட்டை அவன்தான் மாட்டினான், பெருவிரலால அமுக்கினா அரை அங்குலம் போற மாதிரி. அதுக்குப் பெறகு அந்த லொறி ஒரு நாளும் கத்தினதில்ல. முதலாளி சந்தோஷத்துல ரெண்டு வட்டக்கா தூக்கிக் குடுத்தாரு, பெரிசு காசிமுக்கு, சின்னது எனக்கு. அவ்வளவு நடந்த பெறகும் மாஸ்டர், அந்த வட்டக்காயைப் பாத்து எனக்கு எரிஞ்சிச்சு. நெஞ்சைத் தடவிக்கிட்டேன்.

கம்பியைக் குடுத்திருக்கலாம், அன்னைக்கே குடுத்திருக்கலாம். குடுத்தா களவை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமேன்னு ஒரு பக்கம். அவன்கிட்ட அது திரும்பிப் போனா என்ன ஆகும்னு இன்னொரு பக்கம், அதுதான் உண்மையான காரணம். ஒரு வருசத்துல அவன் விலகிப் போயி மாத்தளை டவுன்ல சொந்தமாக் கராஜ் போட்டான். கம்பி இல்லாமலே, உள்ளங்கையை எஞ்சின்ல வச்சுப் பாத்தே பேரெடுத்தான். நான் உக்குவளையில கிடந்தேன். வருசம் ஓடிச்சு, போர்டு துருப்புடிச்சு விழுந்திச்சு, என் பல்லும் ஒண்ணொண்ணா விழுந்திச்சு.

காசிம் மௌத்தாகி இப்ப ரெண்டு வருசம். சேதி கேட்டு அன்னைக்குத்தான் ஒளிச்சு வச்சிருந்த பெட்டியைத் திறந்து கம்பியை எடுத்தேன். அவன் மகன்தான் இப்பக் கராஜைப் பாக்குறான், நல்ல பொடியன், நாப்பது வயசு தாண்டியிருக்கும். ஜனாஸா எடுத்த பெறகு தனியாக் கூப்பிட்டு, "உங்க வாப்பாவோட சாமான், எங்கிட்ட இருந்திச்சு"ன்னு குடுத்தேன். அவன் அதை வாங்கி, பல்லுத் தடத்தை விரலால தடவிப் பாத்துட்டுச் சொன்னான், "வாப்பா சொல்லியிருக்காங்க, அந்தோனி அங்கிள் ஒரு நாளைக்குக் கொண்டாந்து தருவாருன்னு." எனக்கு நின்ன இடத்துல நிக்க முடியல, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்துட்டேன்.

அதுக்குப் பெறகுதான் இது தொடங்கிச்சு. காலைல எட்டரை மணிக்கு, மகன் கராஜ் திறக்கிற நேரம், என் பல் செட்டு கூசும். நல்லாக் கவனிங்க மாஸ்டர், செட்டு. பிளாஸ்டிக் பல்லு எப்படிக் கூசும்? முதல்ல ஈறுல புண்ணுன்னு நினைச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஒண்ணுமில்லன்னாங்க. ஒரு நாள் சந்தேகம் வந்து மாத்தளைக்குப் போயி, அவன் கராஜுக்கு எதிர்ல டீக்கடையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அவன் கம்பியை எஞ்சின்ல வச்சுக் கடிக்கிற அதே நேரம் என் வாய்க்குள்ள கூசுது, எடுத்தா நிக்குது. வச்சான், எடுத்தான், ஏழு தடவை எண்ணினேன். அதோட கோளாறும் தெரியுது எனக்கு! இது வால்வு, இது டைனமோன்னு சத்தமே இல்லாம விளங்குது. ஆயுசு பூராவும் எதுக்கு ஏங்கினேனோ அது கிடைச்சிருக்கு, கராஜும் இல்லாம கைப்பலமும் இல்லாம கிழடாப் போன பெறகு. சிரிப்பு வருதில்ல?

ரெண்டு வருசமா அதுக்குப் பழகிட்டேன். ரெஜினாகிட்டக்கூட சொல்லல. ஆனா போன செவ்வாய்க்கிழமை வந்தது எஞ்சின் சத்தம் இல்ல. கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தேன், திடீர்னு வாய்க்குள்ள கீ...ச்சுன்னு. செட்டைக் கழட்டி மேசையில எறிஞ்சுட்டேன். நாலந்தைக்கு அந்தப் பக்கம், மாரா மரத்துக்குக் கீழ, என் நெஞ்சுல கேட்ட அதே சத்தம். அதை நான் மறப்பேனா? யாரோ அந்தக் கம்பியைக் கடிச்சுக்கிட்டு நெஞ்சுல வச்சிருக்காங்க.

நேத்து மாத்தளைக்குப் போய் வந்த ஒருத்தன்கிட்ட சும்மா கேக்குற மாதிரி கேட்டேன், காசிம் மகனோட கராஜ் எப்படி ஓடுதுன்னு. நல்லா ஓடுதாம். வில்கமுவப் பக்கத்துல இருந்து புதுசா ஒரு பாஸ் வேலைக்கு வந்திருக்கானாம், கையில தொட்டா எந்த எஞ்சினும் சரியாயிருமாம், வர்ற ஆளுங்க எல்லாம் மகனைத் தாண்டி அவனைத்தான் தேடுறாங்களாம்.

காசிம் மகன்கிட்ட போய், நான் செஞ்ச மாதிரி செஞ்சுடாதேன்னு சொல்லணும்னு இன்னைக்குக் காலைல சட்டையைப் போட்டேன். பெறகு கழட்டிட்டேன். என்னன்னு சொல்றது, எந்த மொகத்தோட சொல்றது? அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டு அனுப்பினேன், நீங்க படிச்சவரு, ஒரு வழி சொல்லுங்க. வெளிய ரோட்டுல ஏதாவது லொறி போகுதான்னு அந்த ஜன்னலால ஒருக்காப் பாருங்க மாஸ்டர். ஒண்ணும் இல்லியா? அப்ப என் செட்டு கிடக்கிற அந்தக் கிளாஸைப் பாருங்க. தண்ணி ஆடுது.